முதுகில் இரண்டு தட்டு

"ரைட் குடுத்தாங்க, எடுத்தேனுங்க."

விசாரணைக் கோப்பில் ஓட்டுநர் சென்னியப்பனின் வாக்குமூலம் இவ்வளவுதான். கீழே அவர் கையெழுத்து. அதற்குக் கீழே ஓர் அதிகாரி சிவப்பு மையில், 'இந்த வண்டியில் நடத்துநர் கிடையாது' என்று எழுதி அழுத்தி அடிக்கோடு போட்டிருந்தார்.

அதிகாரியைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தடத்தில் நடத்துநர்களை நீக்கி மூன்று வருடம் ஆகிறது. ஏறும்போது படியருகே உள்ள பெட்டியில் அட்டையைக் காட்ட வேண்டும், இறங்கும்போதும் காட்ட வேண்டும். விசில் இல்லை, தோல்பை இல்லை, 'உள்ளே போ, உள்ளே போ' என்ற அதட்டல் இல்லை. இல்லாத நடத்துநர் எப்படி ரைட் கொடுப்பார்? ஆள் கதை விடுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

என் பெயர் பிரதிபா. அந்தப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையைச் செய்து கொடுத்த கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பார்த்தேன் என்று சொல்வது சரியாக இருக்கலாம், அதைப் பிறகு சொல்கிறேன். இருக்கைக்கு மெத்தை தைப்பது என் வேலை இல்லை. அது ஓட்டுநரின் முதுகில் எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தமாக, எத்தனை முறை தட்ட வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை.

பேருந்தின் முகத்தில் இருக்கும் கேமராக்கள் குறுக்கே வருவதைப் பார்க்கும். பார்த்ததை ஓட்டுநருக்குச் சொல்ல எங்களிடம் இரண்டு வழி இருந்தது. முன்கண்ணாடியின் அடிவிளிம்பில் ஓடும் விளக்குக் கோடு ஒன்று, மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறும். ஆனால் மாலை வெயில் எதிரே அடித்தால் சிவப்பும் தெரியாது, மஞ்சளும் தெரியாது. அப்படியே தெரிந்தாலும், நான்கு கண்ணாடிகளையும் ஒரு கூட்டத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணுக்கு இன்னொரு வேலை வைப்பது சரியில்லை. அதனால் இருக்கையின் முதுகுப் பகுதிக்குள் ஓட்டுநரைத் தட்டுகிற சின்னச் சின்னக் கட்டைகளை வைத்தோம். ஒரு தட்டு என்றால் கவனம். இரண்டு தட்டு என்றால் உடனே பிரேக்.

"கண்ணிடம் சொன்னால் அது மூளையைக் கேட்கும். தோலிடம் சொன்னால் அது யாரையும் கேட்காது." ஒரு கருத்தரங்கில் நான் பேசியது இது. பலத்த கைதட்டல் கிடைத்தது. இப்போது அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நடந்தது இதுதான். சித்திரை மாதம், மாலை நாலே முக்கால் மணி, கரூரிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் ஒரு பேருந்து நிலையம். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன் என்று கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். சென்னியப்பன் வண்டியை நடைமேடையிலிருந்து மெல்ல வெளியே எடுக்கிறார். டீ கேனோடு சிராஜுதீன் என்பவர் குறுக்கே வருகிறார். கேமரா அவரைப் பார்த்துவிட்டது. விளக்குக் கோடு சிவந்தது. இருக்கை இரண்டு முறை தட்டியது. ஓட்டுநரின் கால் ஆக்சிலேட்டரை மிதித்தது. வண்டி நான்கு மீட்டர் பாய்ந்தது. சிராஜுதீன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனார்.

தானாக நிற்கும் வசதி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சாலையில் என்றால் வண்டியே நின்றிருக்கும். பேருந்து நிலையத்துக்குள் மட்டும் அதை அணைத்துவிடுவார்கள். நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் அதை விட்டுவைத்தால் பொழுது சாயும்வரை ஒரு வண்டியும் நகராது. உள்ளே இருக்கும்வரை இருக்கை தட்டும், நிறுத்த வேண்டியது ஓட்டுநர்தான்.

ஆக, எங்கள் இருக்கை தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. அதை ஒரு பக்கத்தில் எழுதி, சான்றளித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குத்தான் கம்பெனி என்னை அனுப்பியது. வெள்ளிக்கிழமை விசாரணை. சான்று போய்ச் சேர்ந்தால் சென்னியப்பனுக்கு வேலை போகும், அதன் பிறகு போலீஸ் வழக்கும் அதே தாளைப் பிடித்துக்கொண்டு நடக்கும். என் மேலாளர் ரகுநந்தன், இரண்டு நாள் வேலை, முடித்துவிட்டு வா என்றார்.

படிவத்தில் 'ஓட்டுநரை நேரில் விசாரித்தேன்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பத்தான் செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன்.

ஒரு போர்வைக் குடோனுக்கு மேலே மாடி வீடு. வெளிப்பக்கமாகப் படிக்கட்டு. நான் போனபோது ஐம்பத்தாறு வயது மனிதர் ஒருவர் அந்தப் படிகளில் உட்கார்ந்தபடியே, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். ஆள் திடகாத்திரமாக இருந்தார். காலில் கட்டு எதுவும் இல்லை. என்னைப் பார்த்ததும், யார் என்ன என்று கேட்டுவிட்டு, அதே மாதிரி உட்கார்ந்தபடியே பின்பக்கமாக ஏறத் தொடங்கினார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஏறினேன்.

காப்பி கொண்டுவந்த அவர் மனைவி ருக்குமணி, என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "காலுக்கு ஒண்ணுமில்லீங்க. டாக்டர் பார்த்துட்டாரு. இவருக்குத்தான் காலு மேல நம்பிக்கை இல்லீங்க," என்றார். பேத்தியைக்கூடத் தூக்கிக்கொண்டு நடப்பதில்லை என்றும், நான்கு மாதமாக இப்படித்தான் என்றும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சென்னியப்பன் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். இருபத்தேழு வருட ஓட்டம். ஒரு முறை ஓர் ஆடு, அதுவும் தப்பித்துவிட்டது. புது இருக்கை வந்தபோது ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள், கடைசியில் வைத்த தேர்வில் பத்துக்குப் பத்து. ஒரு தட்டுக்கு என்ன, இரண்டு தட்டுக்கு என்ன என்று கேட்டேன். ஒரு நொடி தயங்காமல் சரியாகச் சொன்னார். நான் கட்டத்தில் டிக் போட்டேன்.

பிறகு, யார் ரைட் கொடுத்தது என்று கேட்டேன்.

"அதான் தெரியலீங்க. மாரப்பன் குடுக்கற மாதிரியே இருந்துச்சு."

மாரப்பன் அவரோடு பதினோரு வருடம் ஒரே தடத்தில் ஓடிய நடத்துநர். நடத்துநர்களை நீக்கியபோது அவரும் வீட்டுக்குப் போய்விட்டார். விபத்து நடந்த அன்று அவர் நாற்பது கிலோமீட்டர் தள்ளி வெள்ளகோவிலில் தன் ஜெராக்ஸ் கடையில் இருந்தார். இதைச் சென்னியப்பனே சொன்னார். சொல்லிவிட்டு, தனக்கே விளங்காத ஒன்றை அடுத்தவர் விளக்குவாரா என்பது போல என்னைப் பார்த்தார். 'ஓட்டுநர் மனக்குழப்பத்தில் உள்ளார்' என்று குறித்துக்கொண்டேன்.

சிராஜுதீனைப் பற்றிக் கேட்க எனக்கு விருப்பமில்லை. அவராகவே பேசினார். சிராஜ் பாய் எத்தனையோ வருடமாகச் சர்க்கரை குறைத்துப் போட்ட டீயை ஜன்னல் வழியாகக் கொடுத்தவர். அந்த நிலையத்தில் எல்லா வண்டிக்கும் முன்னால் அவர் பாட்டுக்குக் குறுக்கே போவார், எல்லா ஓட்டுநர்களும் அவருக்காக நிறுத்துவார்கள்.

"அன்னிக்கும் கையத் தூக்குனாருங்க," என்றார் சென்னியப்பன். "நிறுத்து நிறுத்துன்னு கையத் தூக்குன மனுசன் மேல ஏத்திட்டேன். வேல போறதப் பத்தி எனக்கு ஒண்ணுமில்லீங்க, லைசென்ஸ நானே கொண்டுபோய்க் குடுத்துட்டேன். யோசிச்சு மிதிச்சிருந்தாக்கூடப் பரவால்லீங்க. நான் யோசிக்கவே இல்ல. எங்காலு எதுக்கு அப்படிப் பண்ணுச்சு? நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியுங்களா?"

தெரியாது என்றேன். விசாரணைக்கு வரப்போவதில்லை, என்ன எழுதினாலும் ஒத்துக்கொள்கிறேன் என்று கடிதம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நான் கிளம்பும்போது வழியனுப்பப் படிவரை வந்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

அன்று மாலையே சான்றில் கையெழுத்துப் போட்டிருக்க முடியும். தாள் பையில்தான் இருந்தது. கரூருக்குப் போகும் பெரிய வண்டியைத் தவறவிட்டதால் ஒரு தனியார் மினி பஸ்ஸில் ஏறினேன். இன்னும் நடத்துநர் வைத்து ஓட்டுகிற பழைய வண்டி. நிற்கத்தான் இடம் கிடைத்தது, ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால், அந்தக் குறுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடத்துநர் கூட்டத்தை நீந்தி முன்னால் வந்தார். கழுத்தில் விசில் தொங்கியது, ஆனால் தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்போனை இடுக்கிக்கொண்டு யாரிடமோ சம்பந்தம் பேசிக்கொண்டிருந்ததால் வாய் காலியாக இல்லை. ஆள் ஏறி முடிந்ததும், கையிலிருந்த மோதிரத்தால் நான் பிடித்திருந்த கம்பியில் இரண்டு முறை தட்டினார்.

வண்டி கிளம்பிவிட்டது. ஓட்டுநர் திரும்பிப் பார்க்கவில்லை, கண்ணாடியையும் பார்க்கவில்லை. அந்தக் கம்பி அவர் இருக்கையின் முதுகோடு பற்றவைக்கப்பட்டிருந்தது.

அடுத்த நிறுத்தம் வந்தது. கம்பியில் ஒரு தட்டு. பிரேக். காற்று 'புஸ்'ஸென்று இரைந்தது, ஆட்கள் இறங்கினார்கள். மறுபடியும் இரண்டு தட்டு. வண்டி கிளம்பியது. என் உள்ளங்கை அந்தக் கம்பியில்தான் இருந்தது. மூன்றாவது நிறுத்தத்தில்தான் என் மண்டையில் உறைத்தது. உட்கார இடம் கேட்டேன், ஓர் அம்மாள் பிள்ளையை மடியில் தூக்கிக்கொண்டு இடம் விட்டார்.

ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போ. விசிலாக இருந்தாலும், மணியாக இருந்தாலும், தகரத்தில் உள்ளங்கையால் தட்டினாலும் அதுதான். தமிழ்நாட்டில் பஸ் ஏறிய ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும், பன்னிரண்டு வருடம் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போனேன். தெரிந்திருந்தும் அதை அப்படியே தலைகீழாகப் புரட்டி, இருபத்தேழு வருடம் பஸ் ஓட்டிய மனிதரின் முதுகில் வைத்துத் தைத்திருக்கிறேன்.

நாங்கள் நினைத்தது இவ்வளவுதான்: ஆபத்து அதிகமானால் தட்டும் அதிகம். முப்பது பேரை வைத்து நானூறு முறை சோதித்தோம். முப்பது பேரும் எங்கள் வளாகத்தில் கார் ஓட்டி வருபவர்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று யாரும் எந்நாளும் ரைட் கொடுத்ததில்லை. சென்னியப்பனின் மூளை தேர்வில் பத்துக்குப் பத்து வாங்கியது. அவருடைய முதுகுக்கு யாரும் தேர்வு வைக்கவில்லை. சாலையில் போகும்போது கால் தவறினாலும் வண்டி தானாக நின்றுவிடுவதால் இந்தத் தப்பு இரண்டரை வருடமாக யார் கண்ணிலும் படவில்லை. ரைட் கொடுத்து வண்டி எடுக்கிற இடம் பேருந்து நிலையம். தானியங்கி பிரேக்கை அணைத்து வைக்கிற இடமும் அதுதான்.

புதன்கிழமை வெள்ளகோவில் போனேன். மாரப்பன் ஒல்லியான மனிதர், பேசும்போதே மூச்சு வாங்கியது. சின்ன வயதிலிருந்தே இழுப்பு இருப்பதாகவும், விசில் ஊதினால் அடுத்த நிறுத்தம்வரை இருமல் நிற்காது என்பதால் பெரும்பாலும் கம்பியில் தட்டியே காலத்தை ஓட்டிவிட்டதாகவும் சொன்னார். எப்படித் தட்டுவீர்கள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கடையின் இரும்பு நிலையில் இரண்டு முறை தட்டிக் காட்டினார். செல்போனில் பதிவு செய்துகொண்டேன். எங்கள் இருக்கையின் இரண்டு தட்டுகளுக்கு நடுவே இடைவெளி ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. அவருடையது அதைவிட மயிரிழை குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம்.

எதற்காகக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. சென்னியப்பன் எப்படி இருக்கிறார் என்றுதான் கேட்டார். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைப்பதாகவும், போய் என்ன பேசுவது என்று தெரியவில்லை என்றும் சொன்னார். அவர் கை இன்னும் அந்த இரும்பு நிலையின் மேல் இருந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு அதைப் பற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்று மத்தியானம் லாட்ஜ் அறையில் உட்கார்ந்து அந்த வண்டியில் ஓட்டுநரின் கால் எப்போது எதை மிதித்தது என்ற மூலப் பதிவைத் திறந்தேன். விசாரணைக்குப் போவது சுத்தம் செய்த பதிவு. மேடு பள்ளத்தில் ஓட்டுநரின் கால் ஆடி அங்கே இங்கே படும், அந்தக் குப்பையெல்லாம் வேண்டாம் என்று பத்தில் நான்கு பங்கு வினாடிக்குக் குறைவான தொடுதல்கள் தானாக நீங்கிவிடும். நான்கு என்ற அந்த எல்லையை வைத்ததும் நான்தான். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வீட்டுக்குப் போகும் அவசரத்தில், ஐந்தா நான்கா என்று யோசித்து நான்கு என்று போட்டது நன்றாக நினைவிருக்கிறது.

மூலப் பதிவின் கோட்டில் ஒரு சின்ன மேடு இருந்தது. இருக்கை தட்டுவதற்கு முன்பே அது தொடங்கிவிட்டது. பிரேக். பத்தில் மூன்று பங்கு வினாடி, அதற்கு மேல் சொற்பம். கேமரா பார்ப்பதற்குள் சென்னியப்பன் பார்த்திருக்கிறார். அவர் கால் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் முதுகில் இரண்டு தட்டு விழுந்தது. கால் எழுந்து பக்கத்திலிருந்த ஆக்சிலேட்டருக்குப் போனது.

என் இருக்கை வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் வண்டி நின்றிருக்கும். சிராஜுதீன் மறுநாளும் டீ கேனைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார். மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன். பிறகு முகம் கழுவிவிட்டு ரகுநந்தனை அழைத்தேன்.

ரகுநந்தனை வில்லனாகக் காட்டினால் எனக்கு வசதியாக இருக்கும். அவர் அப்படி இல்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். நடுவில் ஒரு முறை தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

"சரி, மாத்திடலாம். ஒண்ணுன்னா பிரேக், ரெண்டுன்னா கவனம். அப்படித்தானே?" என்றார். "இந்த மூணு வருஷத்துல வேலைக்குச் சேர்ந்த பசங்க எத்தனை பேர் தெரியுமா? அவங்க யாரும் கண்டக்டரோட வண்டி ஓட்டுனதே இல்ல. சிமுலேட்டர்ல உக்காரவெச்சு ரெண்டு தட்டுன்னா பிரேக்குன்னு நாமதான் அவங்க முதுகுக்குச் சொல்லிக்குடுத்தோம். நாளைக்குத் திருப்பிப் போட்டா அவங்க கால் எங்க போகும் பிரதிபா?"

தட்டே வேண்டாம், ஒரே நீண்ட அழுத்தமாக வைக்கலாம் என்றேன். அதையும் முன்பே சோதித்திருக்கிறோம். நீண்ட அழுத்தத்துக்குக் கால் தாமதமாகத்தான் எழும், பத்தில் ஒன்றரைப் பங்கு வினாடி. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அது இரண்டரை மீட்டர். அந்த இரண்டரை மீட்டருக்குள் ஒருநாள் யாராவது நிற்பார்கள், அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது, அவ்வளவுதானே என்று ரகுநந்தன் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

பிறகு சான்றைப் பற்றிப் பேசினார். இருக்கை வடிவமைத்தபடி வேலை செய்தது என்று மட்டும்தான் அதில் இருக்கிறது, அதில் ஒரு வார்த்தை பொய்யா என்றார். பொய் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மேலும், நீ எழுதிக் கொடுத்தால் நம் இருக்கை உள்ள ஆறாயிரம் வண்டியும் நிற்கும், உன் பெயர்தான் முதலில் வரும் என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார்.

வியாழக்கிழமை முழுவதும் அறையை விட்டு வெளியே போகவில்லை. நான் நியாயமானவள் என்று காட்டிக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஒரு நாளில் கையெழுத்துப் போடுவதற்கு எத்தனை நல்ல காரணங்கள் உண்டோ அத்தனையும் எனக்குத் தோன்றின. ஒவ்வொன்றையும் கடைசிவரை யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கடைசியில், படியில் உட்கார்ந்தபடியே பின்பக்கமாக ஏறுகிற அந்த மனிதர்தான் வந்தார்.

வெள்ளிக்கிழமை விசாரணையில் சான்றை வைக்கவில்லை. மூலப் பதிவை வைத்தேன். மாரப்பன் தட்டிய சத்தத்தையும் எங்கள் இருக்கை தட்டும் சத்தத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் காட்டினேன். மேசையைச் சுற்றி ஐந்து பேர் இருந்தார்கள், மூன்றாவது முறை போடச் சொன்னார்கள். சிவப்பு மையில் அடிக்கோடு போட்ட அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த நான்கு என்ற எல்லையை யார் வைத்தது? நான்தான் என்றேன். எழுதிக்கொண்டார். இரண்டு தட்டு என்று முடிவு செய்தது யார்? அதுவும் நான்தான் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

தீர்ப்பை ஒத்திவைத்தார்கள். நிபுணர் குழு வருமாம். வெளியே வந்து செல்போனைத் திறந்தபோது, அலுவலகத்துக்கு வர வேண்டாம், அழைக்கும்வரை விடுப்பில் இரு என்று செய்தி வந்திருந்தது. இதை எழுதும் இந்த நிமிடம்வரை அழைக்கவில்லை.

அங்கிருந்து நேராகப் போர்வைக் குடோனுக்குப் போனேன். மணி நாலரை இருக்கும். வெயில் படிக்கட்டில் விழுந்துகொண்டிருந்தது. சென்னியப்பன் மாடி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ருக்குமணி அம்மாள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். நல்ல சேதியா கெட்ட சேதியா என்று என் முகத்தில் தேடினார்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். இரண்டு தட்டைப் பற்றிச் சொன்னேன். அதை வைத்தவள் நான் என்பதையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங் அம்மிணி, காலு மொதல்ல எங்க போச்சு?"

"பிரேக்குக்குங்க," என்றேன்.

"நெசமாவா?"

டேப்லெட்டில் அந்தக் கோட்டை எடுத்துக் காட்டினேன். தட்டையாக வந்த கோடு ஓரிடத்தில் சின்னதாக எழும்பி இறங்கியிருந்தது. அவர் ஆள்காட்டி விரலை அந்த மேட்டின் மேல் வைத்தார். விரல் மொத்தமாக அதை மறைத்துவிட்டது. எடுத்துப் பார்த்தார், மறுபடியும் வைத்தார். எவ்வளவு நேரம் மிதித்திருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். அவ்வளவு நேரத்தில் காற்று இரையுமா என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

"பிரேக்க மிதிச்சா 'புஸ்'ஸுனு ஏர் சத்தம் வருமில்லீங்க. வந்திருக்குமா?"

பத்தில் மூன்று பங்கு வினாடி. வந்திருக்கும் என்றேன். கட்டாயம் வந்திருக்கும்.

சென்னியப்பன் டேப்லெட்டை என் கையில் கொடுத்துவிட்டார். பிறகு பேசினார், என்னிடம் இல்லை, மனைவியிடம்.

"ருக்கு, பாய் வண்டியப் பாக்கவே மாட்டாரு. கேனு ததும்பாம கீழ பாத்துக்கிட்டேதான் வருவாரு. காதுலதான் கேப்பாரு. ஏர் சத்தம் கேட்டா, நாம நிறுத்திட்டோம்னு அர்த்தம். கையத் தூக்கிட்டு, போறேன்னு போயிடுவாரு. தெனமும் அப்படித்தான்." நிறுத்தி மூச்சு விட்டார். "நிறுத்துன்னு கையத் தூக்கலடி. நான் நிறுத்திட்டேன்னு தூக்கியிருக்காரு."

அவர் காலைக் குற்றத்திலிருந்து விடுவிக்கக் கொண்டுவந்த அந்த மேடுதான் சிராஜுதீனை வண்டிக்கு முன்னால் கூப்பிட்டிருக்கிறது. பதிவில் நான் எத்தனையோ முறை பார்த்த கோடு அது. அதில் ஒரு சத்தம் இருக்கும் என்பதும், அந்தச் சத்தத்தைக் கேட்க ஒரு காது இருந்தது என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் அழுதார். பெரிய மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. ருக்குமணி அம்மாள் பக்கத்தில் வந்து நின்று அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வெயில் முதல் மூன்று படிகளை விட்டு இறங்கியிருந்தது.

பிறகு அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, செருப்பு எங்கே என்று கேட்டார். எங்கே போகிறீர்கள் என்றார் ருக்குமணி அம்மாள்.

"பாய் வீட்டுக்கு. அந்தம்மா இத்தன நாளும், தம் புருசன் கையெடுத்துக் கெஞ்சியும் நான் ஏத்திட்டேன்னுதானே நெனைச்சிட்டிருக்கும். அது இல்லைன்னு சொல்லோணும்."

சொன்னால் அந்த அம்மாளுக்கு ஆறுதலாக இருக்குமா, இன்னும் வலிக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. செருப்பை மாட்டிக்கொண்டு படிக்கட்டின் மேல் முனையில் போய் நின்றார். உட்காரவில்லை. வலது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை ஒரு முறை பார்த்துவிட்டு, முதல் படியில் வைத்தார்.

நான் அவருக்கு நேர் பின்னால் நின்றிருந்தேன். கை தானாக எழுந்து அவர் முதுகுப் பக்கம் போனது. தாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு கையை இறக்கிக்கொண்டு, அவர் இறங்கும்வரை அந்த முதுகைத் தொடாமல் பின்னால் நடந்தேன்.